பதினோரு வீட்டுக் குறி

மகள் கண்ணகி பெரியவளாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. தாய்மாமன் சீர் வருவதற்குள் பெண்ணின் காலில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசாவது இருக்க வேண்டும் என்று சுப்புராயனின் மனைவி கமலா ஒற்றைக்காலில் நின்றாள். கரும்பு வெட்டுக்கு வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. சுப்புராயன் கையில் ஒன்றும் இல்லை.

"ஒங்க அப்பா வெச்சிட்டுப் போன வெள்ளி ரூபா இன்னாத்துக்குப் பொட்டில தூங்கிக்கினு இருக்குது? எடுத்துக்கினு போயி உருக்கிக்கினு வா" என்றாள் அவள்.

அப்பா அரங்கநாதன் போன தை மாதம்தான் செத்துப்போயிருந்தார். இருந்தவரைக்கும் அந்தக் காடாத்துணிப் பையை யாரையும் தொடவிட்டதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார், பையைத் திறக்கவில்லை. அம்மாவைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு மாட்டை விற்றார், அப்போதும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

பையில் பதினோரு ரூபாய் இருந்தது. ராஜா தலை போட்ட பழைய வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றிலும் ராஜாவின் கழுத்துக்குக் கீழே கத்தி முனையால் ஏதோ கீறியிருந்தது. ஒன்றில் சாய்வாக இரண்டு கோடு. இன்னொன்றில் கவட்டை போல ஒரு பிளவு. வேறொன்றில் பாதி வட்டம். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சுப்புராயன் அவற்றை அதிகம் யோசிக்கவில்லை. உருக்கப்போகிற காசில் என்ன கீறியிருந்தால் என்ன என்று பையை மடியில் கட்டிக்கொண்டு, மணலூர்பேட்டையில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தான். அது 1984, ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை.

வெள்ளி வேலை செய்கிற காசிநாதன் கடை பெரிய தெருவிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருந்தது. அவர் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளி நல்ல வெள்ளிதான். இது இன்னாப்பா கீறல்? எழுத்தும் இல்ல, நம்பரும் இல்ல."

"யாருக்குத் தெரியும்? எங்க அப்பா வெச்சிருந்தது."

கடை பெஞ்சில் ஒரு மலைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, காலடியில் கடுக்காய் மூட்டை. மனைவியின் மெட்டியைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர், எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பாக்கலாங்களா?"

சுப்புராயன் தலையாட்டினான். அவர் காசுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஏழாவது காசில் கை நின்றுவிட்டது. அதில் ஒரு கோடும் அதன் தலையில் சின்ன வளைவும் இருந்தன.

"இது எங்க வூட்டுக் குறிங்க" என்றார்.

"குறியா? இன்னா குறி?"

"மலையில மாட்ட அவுத்து வுட்டா காடு பூரா மேயுங்க. எது யாருதுன்னு தெரியணும் இல்ல? அதுக்கு காதுல ஒரு வெட்டு வெட்டி வுடுவோம். ஒரு வூட்டு வெட்டு இன்னொரு வூட்டுக்கு வராது. இந்த ரெண்டு கோடு வேடியப்பன் வூடு. கவட்டை, பாற வூட்டுக்காரங்க. எல்லாம் எங்க ஊருதான். குறிஞ்சாம்பாற." அவர் நிமிர்ந்து சுப்புராயனின் முகத்தைப் பார்த்தார். "ஒங்க அப்பா பேரு இன்னாங்க?"

"அரங்கநாதன்."

"தாலுக்கா ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவரா?"

சுப்புராயனுக்குத் திக்கென்றது. அவனுக்கு ஏழு வயது இருக்கும்போதே அப்பா அந்த வேலையை விட்டுவிட்டு மணலூர்பேட்டைக்குக் குடிவந்துவிட்டார். அங்கே வந்தபின் அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு மலைக்காரர் அதைச் சொல்கிறார்.

"என் பேரு கொளஞ்சியப்பனுங்க. ஒருக்கா மலைக்கு வந்துட்டுப் போங்க. இந்தக் காச எங்க ஊருக்காரங்க கண்ணால பாக்கணும்."

"எதுக்குப்பா?"

"வந்தீங்கன்னா தெரியுங்க."

அவர் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காசிநாதன்தான் சுப்புராயனின் காதோரம் குனிந்தார். "அடமானமா இருக்கும்பா. ஒங்க அப்பா குடுத்து வெச்சிருப்பாரு. மலையில பலா மரமோ நெலமோ எழுதி வாங்கியிருந்தாலும் இருப்பாரு. போய்தான் பாரேன். காசு எங்க ஓடிடப் போவுது?"

அது சுப்புராயனின் மனசில் பிடித்துக்கொண்டது. மணலூர்பேட்டை பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவரிடம் கமலாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கொளஞ்சியப்பனோடு மலை பஸ் ஏறினான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவன் மனசுக்குள் பலா மரங்கள் வரிசையாக நின்றன.

வெள்ளிமலையில் இறங்கி இரண்டு மணி நேர நடை. வழியில் ஒரு ஓடை. கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினார்கள். அக்கரை ஏறும்போது முதல் தூறல் விழுந்தது.

குறிஞ்சாம்பாறையில் பதினைந்து இருபது கூரை வீடுகள் இருந்தன. கொளஞ்சியப்பன் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. நடுவில் இருந்த ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, "இருசம்மா! மனுக்காரர் மவன் வந்துகீறாரு" என்று குரல் கொடுத்தார். சொல்லிவிட்டு, வாசலைச் சுற்றி அடுக்கியிருந்த கல்வரிசைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் வெளியே வந்தாள். அவள் பின்னால் அவள் மகன் சின்னதுரை. ஆள் தேக்குக் கட்டை மாதிரி இருந்தான். அடுத்த வீடுகளிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். சுப்புராயனை உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். தூறலில் நின்ற கொளஞ்சியப்பனுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சுப்புராயன் அதைப் பார்த்தான், ஆனால் அப்போது அவன் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

இருசம்மாள் ஒரு முறத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவன் பையை அவிழ்த்துக் காசுகளை அதில் பரப்பினான்.

யாரும் தொடவில்லை. குனிந்து தேடினார்கள். ஒருவர் கண்டுபிடித்ததும் "எங்களுது" என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். பிறகு இன்னொருவர். இருசம்மாள் சாய்வான இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு காசுக்கு மட்டும் ஆள் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் எப்போதோ குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள், திரும்பவில்லை.

"கடனா குடுத்தாரா எங்க அப்பா?" என்று கேட்டான் சுப்புராயன்.

சின்னதுரை சட்டென்று திரும்பிப் பார்த்தான். இருசம்மாள் கையமர்த்தினாள்.

"கடன் இல்ல தம்பி. நாங்க குடுத்தது."

அவள் நிதானமாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் மலை, ஜாகீர் என்ற ஜமீன்காரர் கையில் இருந்தது. பாதி நாள் ஜாகீர் நிலத்தில் கூலியில்லாத உழைப்பு. மாட்டுக்கு வரி, ஏருக்கு வரி. கீழே சுதந்திரம் வந்துவிட்டது என்று சொன்னார்கள், மலைக்கு வரவில்லை. அவள் புருஷன் வேடியப்பன்தான் கீழே போய் மனு எழுதுகிறவரைப் பார்த்துவிட்டு வந்தவர். பெருவிரல் ரேகை வைக்க ஊரில் எல்லோருக்கும் பயம். காகிதம் ஜாகீர் ஆள் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

"ஒங்க அப்பாதான் வழி சொன்னாரு. வூட்டுக்கு ஒரு வெள்ளி ரூபா, அதுல ஒங்க ஒங்க குறிய கீறிக் குடுங்க, அதுதான் கையெழுத்துன்னாரு. எல்லாத்தையும் கடலூர் வக்கீல் கிட்ட வெச்சி நானே பேசறேன்னாரு. பதினோரு வூடு குடுத்தோம். ஆடி மாசம்."

"அப்புறம்?"

"ஆறாம் நாளு ஜாகீர் ஆளுங்க வந்தாங்க. அந்தப் பதினோரு வூட்டுக்குத்தான் வந்தாங்க. பக்கத்து வூட்டத் திரும்பிக்கூடப் பாக்கல. மாட்ட ஓட்டிக்கினு போனாங்க. என் வூட்டுக்காரர மா மரத்துல கட்டி அடிச்சாங்க. அதுக்கப்புறம் அவரு நிமுந்து நடக்கல. மார்கழில போயிட்டாரு. இவன் அப்ப என் வயித்துல." சின்னதுரையைக் காட்டினாள். "மலை சர்க்காரு கைக்கு வர்றதுக்கு இருவத்தேழு வருசம் ஆச்சி. அது வரைக்கும் நாங்க தல தூக்கல."

அவள் கல்வரிசைக்கு வெளியே பார்த்தாள். மழை வலுத்திருந்தது. கொளஞ்சியப்பன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இவன் அப்பன் அன்னிக்கு ஊர்ல இல்ல. சந்தைக்குப் போயிட்டேன்னான். இவன் வூட்டு மாடு மட்டும் தப்பிச்சிது. எவன் பதினோரு வூட்டையும் காட்டிக் குடுத்திருப்பான்? ஊர் கூடிப் பேசி அந்த வூட்டுக்கு நெருப்பு இல்ல, தண்ணி இல்ல, பொண்ணு குடுக்கறது எடுக்கறது இல்லன்னு வெச்சிட்டோம்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

"இப்ப நீ சொல்லு தம்பி. ஒங்க அப்பா இன்னா ஆனாரு? மனு குடுத்தாரா? காசு எப்பிடி அவருகிட்டவே நின்னுது?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

அப்பா செத்தபின் பட்டா மாற்றுவதற்காக அவன் மூலப்பத்திரத்தை வாசித்திருந்தான். அவர்கள் குடியிருக்கிற வீடும் இரண்டு ஏக்கர் நஞ்சையும் 1949ஆம் வருஷம் ஆவணி மாதம் அப்பா பேருக்கு வந்தவை. எழுதிக் கொடுத்தவர் பெயர் கந்தசாமி, கல்ராயன் மலை ஜாகீரின் கணக்குப்பிள்ளை. வாசித்தபோது அது வெறும் ஒரு பெயர். ஒருமுறை அம்மா சண்டையில் அப்பாவைப் பார்த்து, "மலைக் கணக்கன் போட்ட பிச்சைதானே இந்த நெலம்" என்று கத்தியதும், அப்பா சாப்பாட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனதும் அவனுக்குத் தெரியும். அதுவும் அன்றைக்கு ஒரு சண்டைப் பேச்சுதான். இப்போது இந்தப் பாயில் உட்கார்ந்தபோது இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ஆடியில் காசு. ஆவணியில் நிலம். வரி வசூலுக்காக ஒவ்வொரு மாட்டின் காதையும் பார்த்துப் பழகிய கணக்கனுக்குப் பதினோரு காசையும் முன்னால் வைத்தால் பெயரே தேவையில்லை.

"எங்க அப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்துட்டுது" என்றான் சுப்புராயன். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவனுக்கே தெரியவில்லை. "படுத்த படுக்கை. கடலூருக்குப் போவ முடியல. எழுந்து பாத்தா இங்க எல்லாம் முடிஞ்சி போச்சின்னு சேதி. வெக்கத்துல வேலையையே வுட்டுட்டாரு. காச மட்டும் தொடல. சாவற வரைக்கும் தொடல."

கடைசியில் சொன்னது உண்மை என்பதால் அவன் குரல் உடைந்தது. அதைக் கேட்டு அவர்கள் மீதியையும் நம்பிவிட்டார்கள். ஒரு கிழவர், "பாவம், நல்ல மனுசன்" என்றார். இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னதுரை வாசலுக்குப் போய் நின்றான்.

"கேட்டுக்கினியா? அப்ப யாரு சொன்னது? ஒங்க அப்பன்தான்."

கொளஞ்சியப்பன் தலையில் இருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். சுப்புராயனைப் பார்த்து, "எறங்கலாம் வாங்க. இருட்டறதுக்குள்ள ஓடையத் தாண்டணும்" என்றார். காசுகளை முறத்திலேயே விட்டுவிட்டுச் சுப்புராயன் எழுந்தான்.

ஓடையைத் தாண்ட முடியவில்லை. வரும்போது கணுக்காலுக்கு ஓடிய தண்ணீர் செம்மண் நிறத்தில் மார் அளவுக்கு உருண்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு மரம் வேரோடு புரண்டு போனது.

"ரெண்டு நாளாவது ஆவுங்க" என்றார் கொளஞ்சியப்பன். "எங்க வூட்டுலதான் தங்கணும். பரவால்லீங்களா?"

அவர் வீடு ஊருக்கு வெளியே, ஓடைக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்தது. உள்ளே நிமிர்ந்து நின்றால் கூரை இடிக்கும். மனைவி சாலம்மாள் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் செய்து போட்டாள். ஈரத் துண்டை வாங்கி அடுப்பு மேல் கட்டிக் காயவைத்தாள். யார், எதற்கு வந்தார் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வெளியாள் ஒருவர் வந்து சாப்பிட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க மழை. சுப்புராயன் விடிந்ததும் ஓடைக்குப் போய்ப் பார்த்தான். மத்தியானம் போய்ப் பார்த்தான். மறுபடியும் வந்து அதே மூலையில் உட்கார்ந்தான். முன்னால் தண்ணீர், பின்னால் ஊர், நடுவில் இந்த ஒரு கூரை. கொளஞ்சியப்பன் அவன் மேல் ஒரு கடுஞ்சொல் வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ மரவள்ளிக் கிழங்கைச் சுட்டுத் தோலை உரித்து அவன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார்.

சாலம்மாள் கிழங்கு நறுக்கியபடி, பேச்சோடு பேச்சாக, "பொண்ணு கீழ வாழப்பாடிப் பக்கம் இருக்குதுங்க. பையன் கொடகுல. அங்கயே கட்டிக்கினான். இங்க யாரு குடுப்பாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நடுவுல ஒண்ணு பொறந்து நாலு வயசுல போயிட்டுது. தூக்கறதுக்கு ஆளு வரல. இவருதான் தோள்ல போட்டுக்கினு போனாரு. நான் மம்முட்டிய எடுத்துக்கினு பின்னாடி போனேன்" என்றாள். பிறகு கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சுப்புராயன் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தான். அப்பா உயிரோடு இல்லை, அவரை இனி யார் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஆனால் நிலம் உயிரோடு இருந்தது. அதை இவர்கள் கேட்டால்? பெண்ணும் இரண்டு பையன்களும் எங்கே போவார்கள்? உண்மையைச் சொன்னால் சின்னதுரை அரிவாளை எடுப்பானா என்றும் நினைத்தான். அந்தப் பயம்கூட அவ்வளவு பெரிதாக இல்லை. அப்பாவின் பெயரைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் நெஞ்சை அடைத்தது.

சாயங்காலம் கொளஞ்சியப்பன் கூரையில் ஒழுகிய இடத்துக்குப் புல் செருகிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"ஒங்க அப்பாவுக்குக் காமாலை வந்தது எந்த மாசங்க?"

"ஆடி."

"ஆடிலதான் அவரு மலைக்கு வந்தாருங்க."

சுப்புராயன் நிமிர்ந்து பார்த்தான்.

"கணக்கன் கந்தசாமி வூட்டுக்கு வந்தாரு. எனக்குப் பதினஞ்சு வயசு. அங்க வெறகு பொளக்கப் போயிருந்தேன். கணக்கன் காசுங்கள ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்து வூட்டுப் பேரு சொல்லிக்கினே வந்தான். முடிச்சதும் எல்லாத்தையும் பையில போட்டு, இது ஒனக்குக் கூலின்னு அவருகிட்டவே குடுத்தான். ஒங்க அப்பா அத வாங்கி மடியில கட்டிக்கினத நான் பாத்தேன்." அவர் இன்னொரு கைப்பிடிப் புல்லை எடுத்தார். "எங்க அப்பா நெசமாவே சந்தைக்குத்தான் போயிருந்தாரு. மாடும் அவரோட போயிருந்துது. நான் பாத்தத ஊர்ல சொன்னேன். காட்டிக் குடுத்தவன் மவன் சொல்றதுன்னு ஒருத்தரும் காதுல வாங்கல."

"தெரிஞ்சேதான் என்ன கூட்டிக்கினு வந்தியா?"

"ஆமாங்க."

"அங்கயே சொல்லியிருக்கலாமே? நான் பொய் சொல்றேன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா செல்லாதுங்க. முப்பத்தஞ்சு வருசமா செல்லல. நீங்க சொன்னாத்தான்." புல்லைச் செருகி முடித்துவிட்டு இறங்கினார். "அதுக்காக ஒங்கள ஒண்ணும் கட்டிப்போட மாட்டேன். தண்ணி வடிஞ்சா பத்தரமா கொண்டு வுட்டுடுவேன். கூட்டிக்கினு வந்தவன் நானு, அது என் பொறுப்பு."



வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. ஓடை முட்டிக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. கொளஞ்சியப்பன் ஒரு மூங்கில் கழியை வெட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் இறங்கினார். நடுவில் போய்த் திரும்பிப் பார்த்தார். சுப்புராயன் கரையிலேயே கணுக்கால் தண்ணீரில் நின்றான். அக்கரையில் பாதை தெளிவாகத் தெரிந்தது. அதில் போனால் மத்தியான பஸ். சாயங்காலம் மணலூர்பேட்டை. கமலா காப்பி போட்டுக் கொடுப்பாள்.

அவனுக்குக் கால் எழவில்லை.

"கொளஞ்சியண்ணே" என்றான். அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. "அந்த அம்மா வூட்டுல இருப்பாங்களா?"

கொளஞ்சியப்பன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

இருசம்மாள் வாசலில் ஈரச் சாமையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். முறத்தில் காசுகள் அப்படியே உள்ளே இருந்தன. மழை விட்டபின் ஊர் கூடி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்களாம். சுப்புராயன் எல்லோரையும் கூப்பிடச் சொன்னான். வந்தார்கள். அவன் உட்காரவில்லை. கல்வரிசைக்கு உள்ளேயும் வரவில்லை.

"நான் சொன்னது பொய்யிங்க. எங்க அப்பாவுக்குக் காமாலை வரல. காசெல்லாம் கணக்கன் கந்தசாமி கிட்ட கொண்டுபோய்க் காட்டினது அவருதான். அதுக்கு அடுத்த மாசமே அவன் எங்களுக்கு ஒரு வூடும் ரெண்டு ஏக்கரா நெலமும் எழுதி வெச்சிகீறான். பத்தரம் எங்கிட்ட இருக்குது. கொளஞ்சியண்ணன் அப்பா யாரையும் காட்டிக் குடுக்கல."

சொல்லி முடித்ததும் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கோழி சாமையைக் கொத்த வந்தது. அதைக்கூட யாரும் விரட்டவில்லை.

சின்னதுரை இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் மூச்சு சுப்புராயனின் முகத்தில் பட்டது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. திறந்து பார்த்தபோது சின்னதுரை மா மரத்தடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"எந்த ஊர்ல நெலம்?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"மணலூர்பேட்டைங்க. ஆத்துக்குப் பக்கம்."

"வெளையுதா?"

"கரும்பு வெளையுதுங்க."

அவள் தலையாட்டினாள். உள்ளே போய் முறத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு கோடு போட்ட காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மற்றவர்களும் அவரவர் காசை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை தொட்டார்கள். சிலர் அதைக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். குடகுக்குப் போனவர்களின் இரண்டு காசையும் இருசம்மாளே தனியாக ஒரு துணியில் கட்டினாள். முறத்தில் ஒன்று மிச்சம் இருந்தது.

"கொளஞ்சி" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை போலும், குரல் பிசிறியது. "உள்ள வா. வந்து எடுத்துக்கோ."

கொளஞ்சியப்பன் கல்வரிசையைப் பார்த்தார். காலை எடுத்து வைப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வைக்கவில்லை. வெளியிலிருந்தே கையை நீட்டினார். இருசம்மாள் எழுந்து வந்து காசை அந்தக் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"இவர எறக்கி வுட்டுட்டு வரணும். பஸ்ஸு போயிடும்" என்றார். "எங்க அப்பா இருந்திருந்தா உள்ள வந்திருப்பாரும்மா. எனக்குப் பழக்கம் இல்ல."

வெள்ளிமலையில் பஸ் ஏறும்போது சுப்புராயன் கும்பிட்டான். கொளஞ்சியப்பன் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கொலுசுப் பேச்சை விட்டுவிட்டாள்.

"நெலத்த கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேட்டா?"

நிலத்தை விற்று அந்தப் பணத்தைப் பதினோரு பங்காகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் நினைப்பான். மறுநாள் காலையில் சின்னவன் புத்தகப் பையோடு வரப்பில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்ததும் அந்த நினைப்பு மனசுக்குள் சுருண்டுகொள்ளும். பத்திரத்தை எடுத்து வாசிப்பான். மறுபடி பெட்டியில் வைப்பான். அப்பா இத்தனை வருஷம் இதே வரப்பில் எப்படி நடந்தார் என்று அவனுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. புரிந்தும் பிரயோஜனம் இல்லை.

மாசி மாதம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒரு ஆள் வரப்பில் வந்தான். சின்னதுரை. தனியாக வந்திருந்தான். கையில் ஒன்றும் இல்லை. வெட்டுகிற ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சுப்புராயன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எதிரே போனான்.

"வாங்க" என்றான்.

சின்னதுரை நிலத்தின் வடக்கு மூலையிலிருந்து தொடங்கி நாலு பக்க வரப்பிலும் மெதுவாகச் சுற்றி வந்தான். ஆற்றோரம் வந்ததும் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நசுக்கினான். பிறகு மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பைப்பில் கையைக் கழுவிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

"நல்ல மண்ணு" என்றான்.

"சாப்ட்டுப் போங்க. வூட்டுல சொல்றேன்."

"வேணாம். பஸ்ஸு இருக்குது."

வந்த வழியே போய்விட்டான். சுப்புராயன் அவன் உருவம் மறையும்வரை பார்த்தான். திரும்பவும் வருவானா, எப்போது வருவான், வந்தால் என்ன கேட்பான், எதுவும் தெரியவில்லை. வெட்டுக்காரர்களில் ஒருவர், "யாருங்க அது, நெலம் வாங்கற ஆளா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றான் சுப்புராயன். கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு கரும்புக்குள் நுழைந்தான்.